சுழலத் தெரிந்த காந்தம்

காது கேட்க உதவும் கருவியான காக்ளியர் இம்பிளான்ட்டைப் பொருத்திக்கொண்டவரின் காதுக்குப் பின்னால், சற்று மேலே, தோலுக்கு அடியில் ஒரு சின்னக் காந்த வில்லை இருக்கிறது. அகலம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கனம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். காது கேட்பதில் அதற்கு நேரடிப் பங்கு கிடையாது. வெளியே முடிக்கு மேல் ஒட்டிக்கொள்ளும் காயில், அதாவது கம்பிச்சுருள், நழுவிவிடாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. இவ்வளவு சாதாரண வேலைக்காக உள்ளே போன வில்லைதான், அந்த மனிதர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா கூடாதா என்பதைப் பல ஆண்டுகள் தீர்மானித்து வந்தது. மூளையில் கட்டி இருக்கிறதா, தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று மற்றவர்களுக்கெல்லாம் பார்த்துச் சொன்ன மெஷின், இவர்களைக் கண்டால் மட்டும் கையை விரித்தது.

அந்த நிலைமை மாறியதற்குக் காரணம் பெரிய மெஷினில் வந்த மாற்றம் அல்ல. இந்தச் சின்ன வில்லைக்குள் நடந்த மாற்றம். அது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல, முதலில் 1957-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி, பாரிஸில் ஆந்த்ரே ஜூர்னோ என்ற உடலியல் ஆய்வாளரும் ஷார்ல் எயிரியே என்ற காது மருத்துவரும் சேர்ந்து, காது நோயால் இரண்டு பக்கமும் கேட்கும் திறனை இழந்துவிட்ட ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். நரம்பின் அருகே ஒரு மின்முனையையும், தோலுக்கு அடியில் ஒரு கம்பிச் சுருளையும் வைத்தார்கள். தலைக்கு வெளியே இன்னொரு சுருள். எந்தக் கம்பியும் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவில்லை. வெளிச்சுருளில் ஓடிய மின்சாரம், காந்தத் தூண்டலால் தோலைக் கடந்து உள்சுருளுக்குப் போனது. அவருக்குப் பேச்சு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஒலி வருகிறது, நிற்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது என்பது தெரிந்தது. சில சொற்களை அடையாளம் கண்டார். கருவி நீண்ட நாள் உழைக்கவில்லை. ஆனால் செய்தி கடல் கடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் என்ற காது மருத்துவரிடம் அவருடைய நோயாளி ஒருவரே அந்தப் பத்திரிகைச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1961-இல் ஹவுஸ் தம் முதல் முயற்சிகளில் இறங்கினார்.

பாரிஸ்காரர்கள் அன்று செய்த அடிப்படை ஏற்பாடுதான் இன்றும் இருக்கிறது. உள்ளே ஒரு சுருள், வெளியே ஒரு சுருள், நடுவே தோல். நடுவில் சில கருவிகள் தோலைத் துளைத்துப் பிளக் வைத்துப் பார்த்தன. கிருமித் தொற்று பயம் காரணமாக அந்த வழி நிலைக்கவில்லை.

ஆனால் இரண்டு சுருள் ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. வெளிச்சுருள் உள்சுருளுக்கு நேர் மேலே உட்கார்ந்தே ஆக வேண்டும். கொஞ்சம் விலகினால் உள்ளே போகும் சக்தி குறையும். இன்னும் விலகினால் ஒலி அடியோடு அறுந்துவிடும். தலைப்பட்டை போட்டுப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திப் பார்த்தார்கள். காதில் மாட்டும் கொக்கியிலிருந்து நீட்டிப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேசும் பெரியவருக்கு இதெல்லாம் ஒருவழியாகப் போதும். தலையை ஆட்டிக்கொண்டு ஓடும் மூன்று வயதுக் குழந்தைக்குப் போதாது. குழந்தையின் காதுக்கு ஒலி விட்டுவிட்டுப் போனால் பேச்சு வளராது. ஆகவே சுருளைப் பிடித்து நிறுத்துவது என்பது வசதிக்கான விஷயமாக மட்டும் இருக்கவில்லை.

இதற்கு விடை அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து வந்தது. காது மருத்துவர் ஜாக் ஹஃப், ஆய்வாளர் கென்னத் டார்மர் ஆகியோரின் குழு, அரிய மண் காந்தங்களைக் கொண்டு இரண்டு சுருள்களையும் இணைக்கும் முறையை 1981-இல் மருத்துவ இதழ்களில் விளக்கியது. பழைய இரும்புக் காந்தம் என்றால், தோலைத் தாண்டிப் பிடிக்கிற அளவு வலு வேண்டுமானால் கட்டை போலப் பெரிதாக இருக்கும். சமேரியமும் கோபால்ட்டும் கலந்த காந்தம் மிகச் சின்ன அளவிலேயே அந்த வலுவைக் கொடுத்தது. உள்சுருளின் நடுவே ஒன்று, வெளிச்சுருளின் நடுவே ஒன்று. காயிலைக் கிட்டே கொண்டுபோனாலே தானாக இடம் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி பார்க்க வேண்டாம், தடவ வேண்டாம், கட்ட வேண்டாம். குழந்தையே எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தம் முதல் பல்முனைக் கருவியைப் பொருத்தியிருந்தார். அதிலிருந்து வளர்ந்த 22 மின்முனைக் கருவிக்கு 1985-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 1990-இல் குழந்தைகளுக்கும் கிடைத்தது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தோலுக்கடியில் காந்தம் வைப்பதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. தலைப்பட்டைகள் காணாமல் போயின. காக்ளியர் இம்பிளான்ட்டை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவந்த கண்டுபிடிப்புகளில் இந்தக் காந்தத்துக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். மின்முனைகளையும் பேச்சைப் பிரித்தறியும் கணக்கு முறைகளையும் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் காயில் நிற்காமல் போயிருந்தால் அவை எதுவும் பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்காது.

இதே காலத்தில் வேறொரு இடத்தில் வேறொரு மெஷின் வளர்ந்துகொண்டிருந்தது. 1973-இல் பால் லாட்டர்பர் காந்தப் புலத்தைக் கொண்டு படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். 1977 ஜூலை 3 அன்று, நியூயார்க்கின் புரூக்ளினில் ரேமண்ட் டமாடியனின் குழு ஓர் ஆளின் மார்புப் பகுதியை முதல்முறையாக ஸ்கேன் செய்தது. ஒரே ஒரு படத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த மெஷினின் புலம், காந்தப் புலத்தை அளக்கும் அலகில் சொன்னால், ஏறக்குறைய 0.05 டெஸ்லா. அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி வியன்னாவில் இங்கபோர்க் ஹோஹ்மையர், எர்வின் ஹோஹ்மையர் என்ற பொறியாளர் தம்பதி உருவாக்கிய பல்முனைக் காக்ளியர் கருவி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இங்கபோர்க்குக்கு அப்போது 24 வயதுதான். ஐந்து மாத இடைவெளியில் பிறந்த இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று யாரும் எண்ணியிருக்க வழியில்லை. காக்ளியர் கருவிக்குள் அப்போது காந்தமே கிடையாது. எம்.ஆர்.ஐ.யோ சோதனைக்கூடத்தை விட்டே வெளியே வரவில்லை.

பத்தே ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரிகளில் 1.5 டெஸ்லா மெஷின்கள் வந்தன. டமாடியனின் மெஷினைப் போல் 30 மடங்கு; பூமியின் காந்தப் புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. பிறகு 3 டெஸ்லாவும் வந்தது. இந்த மெஷின்களைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: ஸ்கேன் எடுக்கும்போது மட்டும் அவற்றின் காந்தம் வேலை செய்கிறது என்பதில்லை. மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்துக்குள் மூழ்கிய மீக்கடத்தி கம்பிச்சுருள் அது. இரவும் பகலும், யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும், புலம் முழு வலுவோடு இருந்துகொண்டே இருக்கும். மும்பையில் 2018 ஜனவரியில், உறவினருக்குத் துணையாக வந்த ஓர் இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய், மெஷினால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். மெஷின் ஓடவில்லை என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாடே அன்று பார்த்தது.

அப்படிப்பட்ட இடத்துக்குள் தலையில் காந்தத்தோடு ஒருவர் போனால் என்ன ஆகும்? இங்கே இரண்டு விசைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று இழுப்பு. மெஷினின் வாய்ப் பகுதியில், புலம் சட்டென்று ஏறும் இடத்தில்தான் இழுப்பு அதிகம். நடுவே புலம் சீராக இருப்பதால் இழுப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். மற்றொன்று முறுக்கு. அது நேர்மாறு: புலம் உச்சத்தில் இருக்கும் நடுப்பகுதியில்தான் அதன் உக்கிரம். உள்ளே இருக்கும் காந்தம் தன் துருவ அச்சைப் புலத்தின் திசைக்குத் திருப்பிக்கொள்ளத் துடிக்கும்.

பழைய வகை வில்லையில் ஒரு துருவம் தோலைப் பார்த்தபடியும் மறு துருவம் மண்டையோட்டைப் பார்த்தபடியும் இருக்கும். மல்லாந்து படுத்திருப்பவரின் காதுக்குப் பின்னால் என்றால், அந்த அச்சு இடமிருந்து வலமாக. மெஷினின் புலமோ தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஓடுவது. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 டிகிரி. முறுக்கு மிக அதிகமாக இருக்கும் கோணம் அதுதான். வில்லை படுத்திருக்க முடியாமல் எழுந்து நிற்கப் பார்க்கும். ஒரு விளிம்பு தோலை உள்ளிருந்து மேலே தள்ளும். எதிர் விளிம்பு எலும்பில் அழுந்தும். நல்லபடியாகப் போனால் வலியோடு முடியும். இல்லையென்றால் வில்லை தன் சிலிக்கோன் உறையிலிருந்து பிதுங்கி வெளியே வந்துவிடும், அல்லது குப்புறப் புரண்டுவிடும். புரண்டால் துருவம் மாறிவிடும். வெளிக்காயில் ஒட்டாது, விலகி ஓடும். இது போதாதென்று, வில்லையின் காந்த வலுவே குறைந்து போகும் வாய்ப்பும் உண்டு. சூடேறுதல், கருவிக்குள் தேவையில்லாத மின்னோட்டம் தூண்டப்படுதல் ஆகியவை தனி.

ஆகவே ஆரம்ப நாட்களின் பதில் ஒரே வார்த்தையில் இருந்தது: கூடாது. காக்ளியர் கருவி இருந்தால் எம்.ஆர்.ஐ. கிடையாது. மருத்துவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஆபத்து உண்மையானது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லால் எத்தனை பேரின் நோய் தாமதமாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. சி.டி. ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேக்கும் காந்தத்தோடு தகராறு இல்லை என்பதால் அவை கை கொடுத்தன. ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் எம்.ஆர்.ஐ. காட்டுகிற மாதிரி அவை காட்டாது.

இந்தத் தடையில் முதலில் மாட்டிக்கொண்டவர்கள் ஒரு சிறு கூட்டம். நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் டைப் 2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள். இவர்களுக்கு இரண்டு காது நரம்புகளிலும் கட்டி வளரும். கட்டியை எடுக்கும்போது நரம்பும் போய்விடும் என்பதால் சாதாரண காக்ளியர் கருவி பலருக்குப் பயன்படாது. அவர்களுக்காகவே ஹவுஸும் வில்லியம் ஹிட்சல்பர்கரும் 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூளைத்தண்டின் மீதே மின்முனை வைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஆனால் இந்த நோயில் கட்டி அத்தோடு நிற்பதில்லை. மூளையில் வேறு இடங்களிலும் முதுகுத்தண்டிலும் முளைக்கும். ஆயுள் முழுக்க அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தே தீர வேண்டும். கேட்க உதவும் கருவியே, உயிரைக் காக்கும் பரிசோதனைக்குக் குறுக்கே நின்றது.

இவர்களுக்காகச் செய்த ஏற்பாடு என் நெஞ்சில் நிற்கிறது. உள்ளே இருந்த காந்தத்தை எடுத்துவிட்டார்கள். வெளிக்காயில் ஒட்டுவதற்கு, காதுக்குப் பின்னால் ஒரு வட்டத்துக்கு முடியை மழித்து, அந்தத் தோலின் மேல் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைப் பசை போட்டு ஒட்டினார்கள். காயிலில் இருக்கும் காந்தம் அந்தத் தகட்டில் பிடித்துக்கொள்ளும். முடி வளர வளர மழிக்க வேண்டும். வியர்வையில் பசை விடும். பத்து வருடம் முன்பு தூக்கிப் போட்ட தலைப்பட்டைக் கஷ்டமே வேறு உருவில் திரும்பி வந்தது. ஆனால் அவர்களால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடிந்தது. காந்தத்தோடு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்ற கேள்வியை மருத்துவ உலகம் சீரியஸாக எடுத்துக்கொண்டதில் இந்தச் சிறு கூட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்த படி, வேண்டியபோது கழற்றி மாட்டும் காந்தம். 1990-களின் கடைசியில் வந்த கருவிகளில் காந்தம் சிலிக்கோன் பைக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்கேனுக்கு முன்னால் சின்ன அறுவை சிகிச்சை: தோலைக் கீறி, வில்லையை எடுத்து, காந்தம் இல்லாத ஒரு மாற்று வில்லையை வைத்துக் கட்டுவார்கள். ஸ்கேன் முடிந்ததும் மறுபடி கீறி, காந்தத்தை உள்ளே வைப்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு படத்துக்காக இரண்டு முறை கீறல், கிருமித் தொற்று பயம், காயம் ஆறும்வரை காயிலைப் போட முடியாமல் அத்தனை நாளும் ஒலியே இல்லாத வாழ்க்கை. வருடம் தோறும் ஸ்கேன் வேண்டியவர் என்றால் வருடம் தோறும் இதே பாடு. இன்னொரு சிக்கலும் தெரியவந்தது: எளிதில் கழற்ற வரும் காந்தம், தலையில் அடிபட்டால் எளிதில் நழுவவும் செய்தது. விளையாடி விழும் பிள்ளைகளுக்கு இது நடந்தது.

சரி, கழற்றாமலே எடுக்க வழி உண்டா? ஹோஹ்மையர் தம்பதி அதற்குள் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் அங்கிருந்து வந்த ஆய்வுகள், முறுக்கு விசை எவ்வளவு, சூடு எவ்வளவு ஏறுகிறது, கருவி பழுதாகிறதா என்பதையெல்லாம் முதலில் உடலுக்கு வெளியே வைத்து முறையாக அளந்தன. அச்சத்தின் இடத்தில் எண்கள் வந்தது அப்போதுதான். இதையொட்டி, தலையில் இறுக்கக் கட்டுப் போட்டு 1.5 டெஸ்லா வரை எடுக்கலாம் என்ற வழிமுறை பரவியது. காந்தம் இருக்கும் இடத்தின் மேல் கெட்டியான தகடு ஒன்றை வைத்து, அதன் மேல் எலாஸ்டிக் துணியைச் சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். வில்லை எழாமல் வெளியிலிருந்து அழுத்துவதுதான் நோக்கம்.

பலருக்கு இது ஒத்துவந்தது. சிலருக்கு வரவில்லை. தென்கொரியாவில் 18 பேரின் அனுபவத்தைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், ஐந்து பேர் கட்டுப் போட்டிருந்தும் வலி தாங்காமல் ஸ்கேனை முடிக்க முடியவில்லை. ஒருவருக்குக் காந்தம் இடம் பெயர்ந்தது. ஒருவருக்குத் துருவம் புரண்டது. கட்டு என்பது காந்தத்தோடு மல்லுக்கட்டும் முயற்சி. மெஷினின் வலு கூடக் கூட அந்த மல்லுக்கட்டில் தோற்கப்போவது கட்டுதான். 1.5 டெஸ்லாவிலிருந்து 3 டெஸ்லாவுக்குப் போனால் முறுக்கு இரட்டிப்பாகும்; துணியின் வலு இரட்டிப்பாகாது.

கடைசியில் வந்த விடை, மல்லுக்கட்டையே விட்டுவிட்டது.

2014-இல் இன்ஸ்ப்ரூக் நிறுவனம் வெளியிட்ட சிங்க்ரனி என்ற கருவியில் காந்தத்தின் துருவங்களை மாற்றிப்போட்டார்கள். மேல் பக்கம் ஒன்று, கீழ்ப் பக்கம் ஒன்று என்றில்லாமல், வில்லையின் ஒரு பாதி வடதுருவம், மறு பாதி தென்துருவம். துருவ அச்சு இப்போது தோலுக்குக் குறுக்கே ஓடாது; தோலுக்கு இணையாக, வில்லையின் விட்டத்தின் வழியே ஓடும். அந்த வில்லையைக் காற்றுப் புகாத டைட்டானியக் கூட்டுக்குள் இறுக்காமல், தாராளமாகச் சுழலும்படி வைத்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். படுத்திருப்பவரின் தலையில் காதுக்குப் பின்புறம் இருக்கும் எலும்புப் பரப்பு, தலையிலிருந்து கால் நோக்கிய திசைக்கு ஏறக்குறைய இணையாகவே இருக்கிறது. ஆகவே மெஷினுக்குள் போகப் போக, வில்லை திசைகாட்டி முள்ளைப் போல் தன் கூட்டுக்குள்ளேயே சுழன்று புலத்தின் திசைக்கு வந்து நின்றுவிடும். திரும்பிவிட்ட காந்தத்துக்கு முறுக்கிக்கொள்ளக் காரணம் இல்லை. தோலைத் தள்ளாது. வலி இல்லை. வலுவும் குறையாது. 3 டெஸ்லா வரை, காந்தத்தைக் கழற்றாமல், தலைக்கட்டு இல்லாமல் ஸ்கேன் எடுக்க முடிந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க அனுமதியும் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அன்றாடப் பயன்பாட்டில் இருக்கிறது. உள்ளே காந்தம் சுழலும் என்றால், வெளிக்காயில் எந்தத் திசையில் ஒட்டும்? அதற்கு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. காயிலிலும் அதே மாதிரி பாதி வடக்கு, பாதி தெற்கு. காலையில் காயிலை எப்படிப் பிடித்துக் கொண்டுபோனாலும், தோலுக்கடியில் இருக்கும் வில்லை தானே திரும்பி எதிர்த் துருவத்தைக் காட்டும். போட்டுக்கொள்பவருக்கு உள்ளே ஒன்று சுழன்றதே தெரியாது.

ஒரே ஒரு தளத்தில்தான் அந்த வில்லை சுழலும் என்பதால், ஸ்கேனின்போது தலையை ஒரு பக்கமாக ரொம்பச் சாய்த்தால் அனுகூலம் குறையும். அடுத்து வந்தவர்கள் அதையும் கவனித்தார்கள். அட்வான்ஸ்டு பயானிக்ஸ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த கருவியில் ஒரே வில்லைக்குப் பதில் நான்கு சிறு காந்தத் தண்டுகள். ஒவ்வொன்றும் தன் அச்சில் உருளும். அவை இருக்கும் தட்டும் சுழலும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் காந்தம் புலத்தோடு இசைந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனமும் 2019-இல் 3 டெஸ்லாவுக்கு ஏற்ற புதிய காந்தத்தோடு கருவி வெளியிட்டது.

இத்தனைக்கும் பிறகும் தீராத ஒன்று நிழல். காந்தம் இருக்கும் இடத்தைச் சுற்றிப் படத்தில் பல சென்டிமீட்டருக்குக் கறுப்பாகவோ கோணலாகவோ விழும். முதுகை, வயிற்றை, காலை எடுக்கும்போது அது பொருட்டில்லை. மூளையில் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் இன்றும் சிலருக்குக் காந்தத்தை எடுத்துவிட்டே ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கென்றே புதிய கருவிகளிலும் காந்தத்தைக் கழற்றும் வசதியை விட்டுவைத்திருக்கிறார்கள்.

தீராத இன்னொன்று மனிதர் சம்பந்தப்பட்டது. காந்த அறைப் பொருட்களுக்கு 2005 முதல் மூன்று அடையாளங்கள் உண்டு: பச்சைச் சதுரம் என்றால் ஆபத்தில்லை, மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையோடு கொண்டுபோகலாம், சிவப்பு வட்டம் என்றால் உள்ளே கொண்டுபோகவே கூடாது. புதிய இம்பிளான்ட்டுகளும் மஞ்சள் முக்கோணம்தான். ஒலியை வாங்கி அனுப்ப வெளியே மாட்டும் ஸ்பீச் ப்ராசஸரும் காயிலும், எந்த நிறுவனத்துடையதானாலும், சிவப்பு வட்டம். ஆகவே ஸ்கேன் அறைக்குள் போகும் அந்த நபருக்குப் பெரும்பாலும் எதுவும் கேட்காது. மைக்கில் சொல்லும் எந்தக் கட்டளையும் போய்ச் சேராது. மெஷினின் தட்டல் சத்தம்கூட அவருக்கு அதிர்வாக மட்டுமே தெரியும். மூச்சைப் பிடிக்க, அசையாமல் இருக்க, வலித்தால் தெரிவிக்க என்ன சைகை என்று ப்ராசஸரைக் கழற்றும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கையில் அழைப்பு மணிப் பந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஸ்கேன் என்றால் இது இன்னும் முக்கியம். ஒலி திடீரென்று இல்லாமல் போய், யாரோ ஒருவர் குழாய்க்குள் தள்ளுவது சின்னப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு நிமிடம் உட்கார்ந்து சைகை சொல்லிக்கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

உலக அளவில் 2022-க்குள் 10 லட்சத்துக்கு மேல் காக்ளியர் கருவிகள் பொருத்தப்பட்டுவிட்டன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை இலவசமாகவே நடக்கிறது. காப்பீட்டின் தொடக்க ஆண்டுகளில் கருவி வைத்துக்கொண்ட குழந்தைகள் இப்போது வளர்ந்து பெரியவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அன்று வைத்த அதே காந்தம். 2014-க்குப் பிறகு வந்த நுட்பம் அவர்களுடைய தலைக்குள் இல்லாமல் இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு நிபந்தனை வேறு வேறாக இருக்கும்: ஒன்றுக்குக் காந்தத்தை எடுக்க வேண்டும், ஒன்றுக்குக் கட்டுப் போட வேண்டும், ஒன்றுக்கு எதுவும் வேண்டாம். ஒருவர் எடுத்துக்கொண்டார், நமக்கும் ஒன்றும் ஆகாது என்று போவது சரியல்ல. முழங்காலுக்குத்தானே ஸ்கேன், தலை உள்ளே போகாதே என்பதும் தவறு. கால் நடுவில் இருக்கும்போது தலை இருப்பது மெஷினின் வாய்ப் பகுதியில் அல்லது அதற்குப் பக்கத்தில். இழுப்பு அதிகம் உள்ள இடம் அது.

பெற்றோருக்கும், வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆபரேஷனின்போது கொடுத்த இம்பிளான்ட் அட்டையைத் தேடி எடுங்கள். அதில் நிறுவனம், மாடல், சீரியல் எண் மூன்றும் இருக்கும். போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்புங்கள். அட்டை தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து இந்த விவரங்களை இப்போதே கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் வாங்க நேரம் இருக்காது. யார் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தாலும், ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்யும்போதே இம்பிளான்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள். வாசலில் போய்ச் சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். சொல்லாமலே போனால் அதைவிட மோசம். ஸ்கேன் எடுப்பவர்களும், காந்தம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எந்த மாடல் என்று கேட்டு, நிறுவனத்தின் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு, அதன்படி கட்டு, புல வலு, படுக்கும் நிலை மூன்றையும் முடிவு செய்யுங்கள். மாடல் தெரியாதவரை ஸ்கேன் வேண்டாம்.